வேடத்துக்கு வேடம் மாறும் ஆளுமை வகை: எதை நம்புவது?

ஒப்பனைஅறை:
வணக்கம். நடிகர்களுக்கு, ஆட்களை 16 ஆளுமை வகைகளாகப் பிரிக்கும் எம்பிடிஐ தேர்வு கொடுத்தால், ஒத்திகைக்கு முன் உள்முகம் என்று வருபவருக்கே காட்சிகள் முடிந்ததும் வெளிமுகம் என்று வருகிறது. "அப்படியானால் நான் யார்?" என்று குழம்பிப்போகிறார்கள். வேடம் ஆளை மாற்றிவிடுகிறதா, தேர்வில் கோளாறா? சரியாக அளப்பது எப்படி?

அளவுகோல்:
முதலில் தேர்வைச் சந்தேகப்படுங்கள். எம்பிடிஐ உள்முகம்-வெளிமுகம் போன்ற நான்கு அச்சுகளில் ஒவ்வொன்றையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு ஓர் எழுத்து தருகிறது. ஆனால் பெரும்பாலானவர்களின் மதிப்பெண் அந்த நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கும். கோட்டருகில் இருப்பவர் ஓரிரு விடைகளை மாற்றினாலே எழுத்து மாறிவிடும். நான்கில் ஓர் எழுத்து மாறினால் வகையே வேறு. நடிகர் என்றில்லை, யாருக்கும் நடக்கும்.

ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பார்க்கும் ஐந்து காரணி அளவைக்கு மாறுங்கள். அந்த வகைத் தேர்வான ஐபிஐபி-நியோவின் 120 கேள்விப் பதிப்பு இலவசம். முடிவு எண்ணாக வரும் என்பதால், சின்ன நகர்வைச் சின்னதாகவே பார்க்கலாம்.

திரைச்சீலை:
அதோடு நடிகர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. "புதியவர்களிடம் சகஜமாகப் பேசுவேன்" என்ற வரியைப் படிக்கும்போது மேடையில் நிற்கும் தன்னை நினைப்பதா, வீட்டில் இருக்கும் தன்னையா? உளவியலாளர் மார்க் ஸ்னைடர் 1974-இல் வெளியிட்ட தற்கண்காணிப்பு அளவையில் (சூழலுக்கேற்பத் தன் நடத்தையை மாற்றிக்கொள்வதை அளப்பது; 25 வாக்கியங்கள், சரி/தவறு) மேடை நடிகர்கள் கல்லூரி மாணவர்களைவிட அதிக மதிப்பெண் பெற்றார்கள். இடம் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வது அவர்களுக்குக் கைவந்த கலை. விடைத்தாள் முன்னாலும் அது வேலை செய்யும்.

அதனால் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: "கடந்த ஆறு மாதங்களில், மேடைக்கு வெளியே, பழகியவர்களோடு நீங்கள் எப்படி?" இரண்டு முறையும் இதே வரி இருக்க வேண்டும். காட்சி நாளில் கொடுக்கவே கூடாது. கடைசிக் காட்சிக்குப் பிறகு இரண்டு வாரமாவது விடுங்கள். நெருங்கியவர் ஒருவரையும் அவரைப் பற்றி அதே படிவத்தை நிரப்பச் சொன்னால் நல்லது. நடிகரின் எண் மட்டும் நகர்ந்து நண்பர் தந்த எண் அப்படியே இருந்தால், மாறியது பெரும்பாலும் அவர் தன்னைப் பார்க்கும் விதம்தான்.

ஒப்பனைஅறை:
அந்த "நான் யார்?" குழப்பத்தைத் தனியாக அளக்க முடியுமா?

திரைச்சீலை:
முடியும். உளவியலாளர் ஜெனிஃபர் கேம்ப்பெல் குழுவினர் 1996-இல் வெளியிட்ட தன்னுருத் தெளிவு அளவை இருக்கிறது. தான் யார் என்பதில் ஒருவருக்கு எவ்வளவு தெளிவு என்று அளப்பது, 12 வாக்கியங்கள்தான். ஐந்து காரணி எண்கள் அசையாமல் இது மட்டும் இறங்கினால், வேடத்திலிருந்து வெளியேறும் பயிற்சியைக் கவனியுங்கள். காட்சி முடிந்ததும் உடையைத் தன் கையால் கழற்றி மாட்ட வேண்டும். சொந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி, பாத்திரத்துக்கும் தனக்கும் உள்ள மூன்று வேறுபாடுகளையும் சொல்ல வேண்டும். பாத்திரத்தின் நடை, குரல் இரண்டையும் வேண்டுமென்றே கலைக்க வேண்டும். பல குழுக்கள் இதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கிவிடுகின்றன. அது போதாது, ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஒப்பனை அறையில் பாத்திரப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் நிறுத்துங்கள். சக நடிகர்கள் பாசத்தில் செய்வதுதான், ஆனால் மற்ற எல்லாப் பயிற்சியையும் அது கெடுத்துவிடும்.