ரொட்டுமா மொழியில் ‘ஹோசா’, ‘ஹோஅஸ்’: எது சரியான வடிவம்?

கேள்வி: யாப்பருங்கலன்
பிஜியின் பெருந்தீவுகளுக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், கடல் நடுவே தனித்திருக்கும் ரொட்டுமாத் தீவின் மொழியைப் பற்றிப் படித்து வருகிறேன். பூவைக் குறிக்க ஓரிடத்தில் ‘ஹோசா’ என்றும் மற்றோரிடத்தில் ‘ஹோஅஸ்’ என்றும், தசையைக் குறிக்க ‘டிகோ’ என்றும் ‘டிஒக்’ என்றும் இருவகையாக எழுதியிருக்கிறார்கள். நம் மொழியில் தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் போன்ற இடமாற்றம்தானா இது?

மறுமொழி: தென்கடல்
இரண்டு வடிவங்களும் சரியானவையே. ஆனால் தசை சதையானது அந்த ஒரு சொல்லுக்கு நேர்ந்த மாற்றம். ரொட்டுமாவிலோ பெரும்பாலான சொற்களுக்கு முழு வடிவம் (‘ஹோசா’), குறுகிய வடிவம் (‘ஹோஅஸ்’) என இரண்டு உண்டு, எதை எங்கே ஆள்வது என்பதை இலக்கணமே வரையறுக்கிறது. 1940இல் வெளிவந்த, மொழியியலாளர் சர்ச்வர்டின் ரொட்டுமா இலக்கணம் இதற்குக் காட்டும் சான்று மிக அழகானது: ‘எபா’ என்று வாக்கியத்தைத் தொடங்கினால் முன்பே அறிந்த அந்தப் பாய்கள், ‘எஅப்’ என்று தொடங்கினால் ஏதோ சில பாய்கள். ‘அந்த’, ‘சில’ என்று நாம் தனிச்சொல் சேர்த்து உணர்த்தும் பொருளை, அவர்கள் ஈற்றுயிரை மெய்க்கு முன்னே நகர்த்தியே உணர்த்திவிடுகிறார்கள். (ட, ப, க மூன்றையும் சொல்லின் இடையிலும் வல்லொலியாகவே படியுங்கள், அம்மொழியில் அவை மெலிவதில்லை.)

கேள்வி: யாப்பருங்கலன்
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் உறங்குதலைக் குறிக்கும் ‘மோசே’ என்னும் சொல் ‘மோஏஸ்’ என்றல்லவா ஆக வேண்டும்? ரோமன் எழுத்தில் ஓகாரத்தின் மேல் இரு புள்ளி இட்டு (ö), ஓரசைச் சொல்லாக எழுதியிருக்கிறார்களே?

மறுமொழி: நாநுனி
வாயால் சொல்லிப் பார்த்தால் விளங்கும். ஓகாரத்துக்காகக் குவித்த இதழ்களை அப்படியே வைத்துக்கொண்டு, நாவை மட்டும் ஏகாரத்துக்கு முன்தள்ளுங்கள். தமிழ் எழுத்தில் அடங்காத ஓர் உயிர் பிறக்கும், புள்ளிகள் அதைத்தான் குறிக்கின்றன. முன்னே வந்த ஏகாரம் ஓகாரத்தோடு கலந்து ஓருயிராகிவிட்டது. இழுத்தலைக் குறிக்கும் ‘ஃபுடி’யில் உகரமும் இகரமும் இவ்வாறே கலக்கின்றன. அடிப்படையில் ஐந்தே உயிர்கள் கொண்ட மொழிக்குப் புதிய உயிரொலிகள் சில இவ்வழியில் கிடைத்தன.

இதன் தோற்றத்துக்கு மொழியியலாளர்கள் பிளெவின்ஸும் காரெட்டும் 1998இல் தந்த விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது: அழுத்தம் ஈற்றயலசையில் (கடைசிக்கு முந்திய அசையில்) விழுவதால் ஈற்றுயிர் நலிகிறது, நலியும் உயிரின் சாயல் மெய்யைக் கடந்து முன்னசையிலேயே ஒலிக்கத் தொடங்குகிறது, நாளடைவில் ஈற்றில் இருந்தது மறைந்து, முன்னே வந்தது நிலைத்துவிடுகிறது. ஆகவே எழுத்துகள் ஒரே நொடியில் இடம் மாறிக்கொண்டதாக எண்ண வேண்டியதில்லை.