பெல்ஜியப் பண்ணை ஏலை டீ டேஸ்டரின் நாக்கால் மதிப்பிடுவது எப்படி?

குன்னூர்வாசி:
வணக்கம். குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலை மாதிரிகளைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பெல்ஜியத்தின் வல்லோனியப் பகுதியில் வேலை பார்க்கும் என் மருமகன் ஊருக்கு வந்தபோது, சேசோன் என்று அங்கே சொல்லப்படும் பண்ணை ஏலில் (ஏல் என்பது ஒரு வகை பீர்) 750 மில்லி பாட்டில் இரண்டும் 330 மில்லி பாட்டில் ஒன்றும் கொண்டுவந்தார்.

முதல் பாட்டிலை அவர் வந்திறங்கிய அன்றே திறந்தோம். கார்க்கின் மேலிருந்த கம்பியைத் தளர்த்தியதுமே கார்க் தெறித்து, பாதிக்குப் பாதி நுரையாக மேசையில் வழிந்துவிட்டது. மிஞ்சியது கலங்கலாக இருந்தாலும் அதன் மணத்தை என்னால் மறக்க முடியவில்லை: மிளகு, கொஞ்சம் கிராம்பு, அவற்றுக்குப் பின்னால் கமலா ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறியது போன்ற வாசனை. இரண்டாவது பாட்டிலை ஒரு வாரம் சன்னலோரம் வைத்திருந்து திறந்தபோது, அதே ஏலில் சுட்ட ரப்பரின் நாற்றம் முந்திக்கொண்டு வந்தது.

மிளகும் கிராம்பும் உண்மையிலேயே போடப்படுகின்றனவா? இரண்டு பாட்டிலுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்? விழுங்கிய பின் வாய் வறண்டாற்போல் இருக்கிறதே, அதை நாங்கள் தேநீரில் சொல்லும் துவர்ப்பு என்றே குறிக்கலாமா? எஞ்சியிருக்கும் சிறிய பாட்டிலையாவது முறையாக மதிப்பிட வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

கொடைக்கானல் குறிஞ்சி:
வணக்கம் ஐயா. பெங்களூரில் பீர் காய்ச்சும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். சில ஆலைகள் கொத்தமல்லி விதையோ ஆரஞ்சுத் தோலோ சேர்ப்பதுண்டு. ஆனால் பெரும்பாலான சேசோன்களில் மசாலா எதுவும் கிடையாது. எனோ மாகாணத்தின் தூர்ப் என்ற சிற்றூரில் துபோன் ஆலை காய்ச்சும், 6.5 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட ஏல்தான் இந்த வகைக்கு உரைகல்லாகக் கருதப்படுகிறது; அதிலும் மிளகு வாசனை முழுக்க ஈஸ்ட்டின் வேலை. மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய தானியத்திலிருந்து, வரும் ஃபெருலிக் அமிலத்தை ஈஸ்ட் 4-வினைல் குவாயகாலாக மாற்றும்போது கிராம்பு வாசனை பிறக்கிறது. பழ வாசனை நொதித்தலில் உண்டாகும் எஸ்டர்களால் வருவது. மற்ற ஏல்களைப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நொதிக்கவிடுவார்கள். சேசோன் ஈஸ்ட்டை 30 டிகிரிக்கு மேலும் விடுவதுண்டு. நம் மலைக் குளிரில் அது பாதி வேலையிலேயே நின்றுவிடும்.

துவர்ப்பைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்த வகையை மதிப்பிடுவதில் மிக முக்கியமானது. இந்த இடத்தில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். பல சேசோன் ஈஸ்ட்களிடம், மற்ற ஈஸ்ட்கள் தொடாமல் விட்டுவிடும் டெக்ஸ்ட்ரின்கள் என்ற மாவுச்சத்துத் துண்டுகளையும் சர்க்கரையாக உடைத்துத் தின்னும் நொதி இருப்பதால், ஏலில் இனிப்பு ஏறத்தாழ மிஞ்சுவதே இல்லை. பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி அமைப்பின் 2021 வழிகாட்டி, இதன் இறுதி அடர்த்தி 1.002 முதல் 1.008 வரை இருக்கலாம் என்கிறது; அது ஏறத்தாழ தண்ணீரின் அடர்த்திதான். ஆகவே நீங்கள் உணர்ந்த வறட்சி இனிப்பின்மை. துவர்ப்போ, பாலிஃபீனால்கள் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இறுக்கிப் பிடிப்பது. அதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல சேசோனை விழுங்கியதும் நாக்கு சுத்தமாகி எச்சில் ஊற வேண்டும். ஈறு இறுகினால் தயங்காமல் குறை என்றே எழுதுங்கள்.

இன்னொன்று: தேநீரைப் போல் கரண்டியால் வேகமாக உறிஞ்சாதீர்கள், வாயு முழுவதும் வாயிலேயே பிரிந்து நுரையாகிவிடும். சிறு மடக்காக விழுங்கி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். துப்பவும் வேண்டாம், கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது விழுங்கிய பிறகுதான் தெரியும்.

கோத்தகிரி ஆசிரியர்:
வேதியியல் கற்பிப்பவன் என்பதால் மற்ற இரண்டைப் பற்றிச் சொல்கிறேன் ஐயா. ரப்பர் நாற்றத்துக்குக் காரணம் சன்னல்தான். பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள்கள்மீது வெளிச்சம் பட்டால் கந்தகம் கொண்ட ஒரு தயால் உண்டாகிறது. மிகச் சிறிய அளவே இருந்தாலும் மூக்கு அதைப் பிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும், பச்சைக் கண்ணாடி அந்த அளவுக்குக் காக்காது. நம் மலை வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் அதில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். எனவே அதை ஏலின் குறையாகக் கணக்கில் கொள்ளாதீர்கள்.

நுரை பொங்கியதற்கு உயரம் காரணமா என்று பலர் கேட்பார்கள். குன்னூரின் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு என்பதால் அதற்கும் சிறு பங்கு உண்டு. ஆனால் பாட்டிலுக்குள்ளிருக்கும் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அந்த வேறுபாடு அற்பம். பாட்டிலிலேயே இரண்டாம் முறை நொதிக்கும் ஏல் இது. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததில் அடியிலிருந்த ஈஸ்ட் வண்டல் கலங்கி, ஒவ்வொரு துகளைச் சுற்றியும் குமிழி கிளம்பியிருக்கும். சிறிய பாட்டிலை இருட்டில் நான்கைந்து நாள் நிமிர்த்தி வையுங்கள். 7 முதல் 13 டிகிரிக்குள் பரிமாறுவது நல்லது. இந்தப் பருவத்தில் இரவில் உங்கள் அறையே போதும்.

குன்னூர்வாசி:
இருவருக்கும் நன்றி. சிறிய பாட்டிலை ஐந்து நாள் அலமாரிக்குள் வைத்திருந்து நேற்றிரவு திறந்தேன். அறையில் 12 டிகிரி இருந்தது. அகன்ற வயிறுள்ள கண்ணாடிக் குவளையைச் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை வண்டலோடு பாட்டிலிலேயே விட்டுவிட்டேன். வெளிர் பொன்னிறம், இரண்டு விரல் உயரத்துக்கு நின்ற நுரை, அமர அமரக் குவளையின் சுவரில் வலைபோல் ஒட்டிக்கொண்டது. ரப்பர் நாற்றம் துளியும் இல்லை. முதலில் எலுமிச்சைத் தோல், அதன்பின் மிளகு. குவளை கைச்சூட்டில் சற்று வெதுவெதுப்பானதும் கிராம்பு தெளிவாக வந்தது. ஈறு இறுகவில்லை அம்மா, நீங்கள் சொன்னது போல எச்சில்தான் ஊறியது.

பிஜேசிபியின் 50 மதிப்பெண் தாளில் மணத்துக்கு 12-க்கு 10, தோற்றத்துக்கு 3-க்கு 3, சுவைக்கு 20-க்கு 16, வாயுணர்வுக்கு 5-க்கு 4, மொத்த நிறைவுக்கு 10-க்கு 8 என 41 கொடுத்தேன். சுவையில் நான்கைக் குறைத்ததற்குக் காரணம், வேப்பம்பூ ரசம் போல் கசப்பு அடிநாக்கில் சற்று அதிகமாகத் தங்கியதே. அது இந்த வகையின் இயல்பென்றால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

கொடைக்கானல் குறிஞ்சி:
கசப்பு நீண்டு நிற்பது இயல்புதான் ஐயா. இனிப்பு மறைக்காததால் அளவான கசப்பும் இதில் கூர்மையாகத் தெரியும். கரகரப்பாக இல்லாதவரை அதற்காகக் குறைக்க வேண்டியதில்லை. நான் 18 கொடுத்திருப்பேன்.