ஃபோலிக் அமிலம் ஒட்டின துகளும் ஒட்டாததும் ஒரே அளவு உள்ளே போகுது, அவசர உதவி

கெலுகோர் பையன்: தைப்பூச லீவுக்கு முன்னாடி எஸ்வி (சூப்பர்வைசர்)-கிட்ட ஸ்லைடு காட்டணும். ஃபோலிக் அமிலம் ஒட்டின சிலிகா துகள், ஒட்டாத துகள், ரெண்டும் கேன்சர் செல்லுக்குள்ள ஒரே அளவுதான் போகுது. ஃப்ளோவுல (ஒவ்வொரு செல்லோட ஒளியையும் அளக்கிற மிஷின்) ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. எங்க இடிக்குது?

பட்டர்வொர்த் மீனா: என்ன செல் தம்பி? என்ன மீடியம்? சீரம் எவ்வளவு? "கேன்சர் செல்"னா நாங்க என்னத்தக் கண்டோம்?

செந்தூல் ராஜா: ஸீட்டா, அதாவது துகள் மேற்பரப்போட மின்னேற்ற அளவு, எவ்வளவு? வெறும் தண்ணியில எடுத்ததா? சீரம் பட்டதும் அந்த நம்பர் மாறிடும் பாஸ். எங்க லேப்ல எல்லா பஞ்சாயத்தும் அங்கதான் ஆரம்பிக்கும்.

மூத்த ஆய்வாளர்: செல்லின் பெயரே இல்லாமல் கேள்வி! ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கும் ஏற்பி செல்லின் மேல் இருக்கிறதா என்று பார்க்காமல் ஏற்பிக்கு மருந்து கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எங்கள் காலத்தில் இதை எழுதிக் கொடுத்தால் தாளைத் திருப்பி வீசுவார்கள்.

கெலுகோர் பையன்: சாரி. ஏ549, நுரையீரல் கேன்சர் செல். மீடியம் ஆர்பிஎம்ஐ 1640, 10% எஃப்பிஎஸ் (மாட்டுக் கரு சீரம்). துகள் 60 நானோமீட்டர், எஃப்ஐடிசி (ஒளிர்ற சாயம்) போட்டது, மேல பெக் (பாலிமர் சங்கிலி). ஸீட்டா தண்ணியிலதான்.

பட்டர்வொர்த் மீனா: அப்படிச் சொல்லுங்க. ஏ549-ல ஃபோலேட் ஏற்பி ரொம்பக் குறைவு. நிறைய பேர் அதை நெகட்டிவ் கன்ட்ரோலாவே வைக்கிறாங்க. போதாததுக்கு ஆர்பிஎம்ஐ 1640-ல லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் ஏற்கனவே கிடக்கு. இருக்கிற கொஞ்ச ஏற்பியையும் அது பிடிச்சுக்கும், உங்க துகளுக்கு எங்க இடம்? ஏற்பி நிறைய இருக்கிற ஹீலா செல் எடுங்க. ஃபோலிக் இல்லாத ஆர்பிஎம்ஐ-ல கொஞ்ச நாள் பழக்குங்க. தனி ஃபோலிக் அமிலத்தை அதிகமாச் சேர்த்து தட்டுல ஒரு குழி வைங்க, அதுல துகள் உள்ளே போறது இறங்கினாத்தான் ஏற்பி வழியாப் போச்சுன்னு நம்புவாங்க.

ஈப்போ குமரன்: அக்கா சொல்றது சரி, ஆனா சீரத்தை விட்டுட்டீங்களே. டப்ளின் குழு 2013-லயே டிரான்ஸ்ஃபெரின்ங்கிற புரதம் ஒட்டின சிலிகாவுல காட்டிட்டாங்க, அதுவும் இதே ஏ549-ல. சீரப் புரதம் மேல படிஞ்சா குறி பார்க்கிற வேலையே போயிடுது. அந்தப் புரத உறை, 'கொரோனா'ன்னு சொல்வோமே, அதுதான் காரணம், எழுதி வச்சுக்குங்க. பெக் நீளத்தையும் பாருங்க, ஃபோலேட் கட்டின சங்கிலி குட்டையா இருந்தா பெக் புதருக்குள்ள புதைஞ்சிடும்.

செந்தூல் ராஜா: எதுக்கு இவ்வளவு தலைவலி? மேல அமீன் (பிளஸ் மின்னேற்றம் தர்ற தொகுதி) போடுங்க. செல் சவ்வு மைனஸ், துகள் பிளஸ், சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்.

ஈப்போ குமரன்: எல்லா செல்லுக்குள்ளயும் போகும்ணே. நல்ல செல்லையும் சேர்த்துக் கொல்லும். ரத்தத்துல ஏத்தினா ஈரல் வாரிக்கும்.

மூத்த ஆய்வாளர்: உடம்பைப் பற்றிப் பேசுகிறீர்களா? 2016-இல் பத்தாண்டுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடு மதிப்பில், 0.7 சதவீதம். 1995-இல் அனுமதி பெற்ற டாக்சில் என்ற புற்றுநோய் மருந்தில் ஃபோலேட்டும் இல்லை, அமீனும் இல்லை, லிப்போசோம் என்ற கொழுப்புக் குமிழியைச் சுற்றி பெக் மட்டும்தான்.

செந்தூல் ராஜா: அப்ப இவ்வளவு பேர் ஃபோலேட் ஒட்டறது சும்மாவா? பையன் கேட்டது தட்டுல வளர்ற செல், எலி இல்ல சார்.

மூத்த ஆய்வாளர்: தட்டோடு நிற்பதால்தான் சொல்கிறேன்.

பட்டர்வொர்த் மீனா: ரெண்டு பேரும் தனியா ஒரு இழை போட்டுக்குங்க. தம்பி, இன்னொண்ணு. செல்லுக்கு வெளிய ஒட்டிக்கிட்டிருக்கிறதையும் ஃப்ளோ உள்ளேன்னுதான் எண்ணும். டிரிப்பான் புளூ சாயம் விட்டு வெளி ஒளியை அணைச்சுட்டு எடுங்க. செல்லுக்குள்ள இருக்கிற லைசோசோம் பையோட அமிலத்துல எஃப்ஐடிசி மங்கும், அதையும் கணக்குல வைங்க.

கெலுகோர் பையன்: பக்கத்து லேப்ல ஹீலா கிடைச்சுச்சு. ஃபோலிக் இல்லாத மீடியத்துல கோடு பிரியுது, தனி ஃபோலிக் அமிலம் சேர்த்தா திரும்ப ஒட்டிக்குது. நன்றிக்கா. ஸ்லைடு போடணும்.

ஈப்போ குமரன்: சீரத்தோடயா, சீரம் இல்லாமலா?

பட்டர்வொர்த் மீனா: செல் உள்ளே இழுக்க முடியாத 4 டிகிரி குளிர்ல வச்சுப் பார்த்தீங்களா தம்பி?

ஈப்போ குமரன்: ஆள் போயாச்சு.