சுவான்சோவில் ஒரே நாள்: முதலில் கோயிலா, அருங்காட்சியகமா?

பாலாறு:
சீனாவில் சியாமென் நகரில் தங்குகிறோம். ஒரு நாள் மட்டும் சுவான்சோ போய்விட்டு இரவே திரும்ப வேண்டும். காய்யுவான் என்ற பௌத்தக் கோயிலில் இருக்கும் கண்ணன், நரசிம்மர் தூண்கள், கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்துச் சிற்பங்கள், இரண்டும் கட்டாயம். எதை முதலில் வைப்பது? லுவோயாங் பாலத்துக்கும் நேரம் கிடைக்குமா? அம்மாவும் வருகிறார், மெதுவாகத்தான் நடப்பார்.

கல்தச்சன்:
சந்தேகமே வேண்டாம், கோயில்தான் முதலில். கோயில் காலையிலேயே திறந்துவிடும், அருங்காட்சியகம் திறக்க எட்டரை ஆகும். கோயில் வாசலை ஒட்டிய மேற்குத் தெருவில் பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் ஒலிபெருக்கியோடு வந்து இறங்கும். நீங்கள் தேடும் இரண்டு தூண்களும் பெரிய புத்தர் மண்டபத்தின் முன்பக்கத்தில் இல்லை, பின்பக்கத் தாழ்வாரத்தில் இருக்கின்றன. அங்கே பத்துப் பேர் நின்றாலே நெரிசல்தான். முன்வாசலில் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம். மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போங்கள்.

போகும்போது இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். மண்டபத்துக்கு முன்னால் உள்ள மேடையின் அடிப்பகுதியில், முழங்கால் உயரத்தில், வரிசையாகக் கல்பலகைகள் பதித்திருக்கிறார்கள். சிங்க உடலும் மனித முகமும் கொண்ட உருவங்களும் சிங்கங்களுமாக எழுபதுக்கும் மேல் இருக்கும். அதுவும் அழிந்துபோன இந்துக் கோயிலின் கல்தான். மிங் அரச மரபின் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது தூண்களையும் பலகைகளையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். எல்லோரும் கூரையைப் பார்த்தபடியே படியேறிப் போய்விடுகிறார்கள்.

ஏட்டுச்சுவடி:
கல்தச்சன் சார் சொல்கிற கூட்டம் உண்மைதான். ஆனால் வரிசை தலைகீழ். தூண்களை முதலில் பார்த்தால் பாதிப்பேருக்கு ஒன்றும் புரிவதில்லை. பதினாறு பட்டைத் தூண், அதில் சின்னச் சின்ன வட்டங்களுக்குள் உருவங்கள். உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மருத மரங்களுக்கு நடுவே போகும் கண்ணன், இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், யானையைக் காக்க வரும் திருமால். கதை நமக்குத் தெரியும். ஆனால் செதுக்கியவர்கள் உள்ளூர்ச் சீனச் சிற்பிகள். பூவேலை, உடை மடிப்பு, முகம் எல்லாம் அவர்கள் கைப்பழக்கத்தில் வந்தவை. அதற்குக் கண் பழக வேண்டும்.

அருங்காட்சியகத்தில் அதே பாணிக் கற்கள் பக்கத்திலேயே நின்று பார்க்கிற மாதிரி இருக்கின்றன. லிங்கத்தை யானை வழிபடும் பலகை அங்கேதான். திருவானைக்காவை நினைக்காமல் அதைக் கடக்க முடியாது. அங்குள்ள மதச் சிற்பப் பிரிவிலேயே அரபு எழுத்துக் கல்லறைக் கற்களும், தாமரை மேல் சிலுவை நிற்கும் கிறிஸ்தவக் கற்களும் இருக்கின்றன. அந்தத் தாமரையையும் இறக்கை விரித்த தேவதூதர்களையும் பார்த்துவிட்டால், இந்த ஊர்ச் சிற்பி எந்த மதத்துக்குச் செதுக்கினாலும் தன் கையை விடவில்லை என்பது விளங்கிவிடும். அதன் பிறகு தூணின் முன்னால் போய் நில்லுங்கள்.

கல்தச்சன்:
கண் பழகுவது சரி, கால் என்ன ஆவது? அம்மாவோடு இரண்டரை மணி நேரம் அருங்காட்சியகத்தில் நின்றுவிட்டு மதிய வெயிலில் கோயிலுக்குப் போனால், தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டார். கோயில் வளாகத்தில் மரநிழல் இருக்கிறது, உட்கார இடமும் உண்டு, ஆனாலும் மதியம் அங்கே சுற்றுவது சிரமம். அருங்காட்சியகம் கூரைக்குக் கீழே. மதியத்துக்கு அதுதான் பொருத்தம்.

வெளிச்சமும் ஒரு காரணம். மண்டபம் தெற்கு பார்த்தது, தூண்கள் இருப்பது வடக்குப் பக்கம். நேர் வெயில் படாது. நடுப்பகலில் வெளி முற்றம் பளீரென்று இருக்கும், தாழ்வாரம் இருட்டாகத் தெரியும், கைப்பேசிப் படத்தில் கல் கறுத்துப் போகும். காலையில் இந்த வேறுபாடு குறைவு. படம் எடுக்கும்போது திரையில் தூணைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள், நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். புடைப்பு அப்போதுதான் தெரியும். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும்.

நெய்தல்:
இருவரும் தூணையே சுற்றுகிறீர்கள். கோயில் வளாகத்தின் கிழக்குப் பக்கம் ஒரு முழுக் கப்பல் இருப்பதை யாருமே சொல்லவில்லை! 1974-இல் ஹோசூ துறைமுகச் சேற்றிலிருந்து எடுத்த சோங் அரச மரபுக் காலக் கப்பல். மிஞ்சியிருக்கும் அடிப்பாகமே 24 மீட்டருக்கு மேல் நீளம், 9 மீட்டருக்கு மேல் அகலம். குறுக்குச் சுவர்கள் 12, அறைகள் 13. ஒரு அறையில் ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாது. உள்ளே கிடைத்த சரக்கு பெரும்பாலும் வாசனைக் கட்டைகள், கூடவே மிளகு, பாக்கு, சோழி. அடிமரம் இணையும் இடத்தில் வெண்கலக் கண்ணாடியும் காசுகளும் வைக்கக் குழி வெட்டியிருக்கிறார்கள், கப்பலுக்கு நல்லது நடக்க.

தமிழ் வணிகர்கள் இந்த ஊருக்கு ஏன் வந்தார்கள் என்பதற்குப் பதில் அந்தச் சரக்குதான். தூணுக்கு அரை மணி கொடுத்தால் இதற்கும் அரை மணி கொடுங்கள். மேல்நடையிலிருந்து குனிந்து பார்த்தால் அறைகளை எண்ணலாம்.

சியாமென் முகிலன்:
தமிழ்க் கல்வெட்டைத் தேடித்தான் பலர் சுவான்சோ போகிறார்கள், அதனால் சொல்கிறேன். 1956-இல் அந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல், சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது 1281. தவச்சக்கரவர்த்திகள் சம்பந்தப் பெருமாள், செகசைக் கான் என்ற மங்கோலிய ஆட்சியாளரின் ஆணைப்படி சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. அந்த மூலக்கல் இருப்பது சியாமென் பல்கலைக்கழக மானிடவியல் அருங்காட்சியகத்தில். நீங்கள் தங்குவதே சியாமெனில். வளாகத்துக்குள் போக முன்பதிவு வேண்டும், அதை முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சுவான்சோவில் அந்தக் கல்லைத் தேடி அரை நாளை வீணாக்காதீர்கள்.

பாலாறு:
இது பெரிய உதவி. அப்படியென்றால் தூண்கள் அந்தச் சிவன் கோயிலைச் சேர்ந்தவையா?

ஏட்டுச்சுவடி:
அப்படி அடித்துச் சொல்ல ஆதாரமில்லை. தூண்களில் திருமால் கதைகள் நிறைய, அருங்காட்சியகப் பலகைகளில் லிங்கம், கல்வெட்டில் சிவன். ஒரே கோயிலா, இரண்டா என்பது இன்னும் தீராத கேள்வி. தெற்கே தியென்ஹோ என்னும் கடலன்னை கோயிலிலும் இதே மாதிரி இரண்டு கல்தூண்கள் பின்மண்டபத்தில் இருக்கின்றன. ஊர் முழுக்கச் சிதறிய கற்களை வைத்துக்கொண்டு ஒரே கோயிலைக் கட்டிவிட முடியாது.

கல்தச்சன்:
இதில் நானும் ஏட்டுச்சுவடி பக்கம்தான். இதே காரணத்தால் 'அனுமன் சிலை' பேச்சையும் கவனமாகக் கேளுங்கள். கோயிலின் மேற்குக் கோபுரம் 1228-1237-இல் கல்லால் கட்டியது. அதன் நான்காம் நிலையில் குரங்கு முகத்தோடு வாளேந்திய காவலர் ஒருவர் இருக்கிறார். சீனக் கதையில் வரும் குரங்கு வீரனுக்கு இது முன்னோடி என்பார்கள், அனுமன் என்பாரும் உண்டு. அந்தக் கதையைச் சொல்லும் சீன நாவல் 16-ஆம் நூற்றாண்டு, சிலை அதற்கு முந்தியது. அதற்கு மேல் எல்லாம் ஊகம். கோபுரத்தில் ஏற விடமாட்டார்கள், தரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்கு எட்டாது, சின்ன தொலைநோக்கி இருந்தால் கொண்டுபோங்கள்.

நெய்தல்:
அனுமன் இல்லை என்றும் சொல்ல முடியாதே? யானை, சிங்கம், நரசிம்மர் எல்லாம் கடல் வழியாக வந்த ஊரில் குரங்கு மட்டும் தனியாக முளைத்ததா?

கல்தச்சன்:
வந்திருக்கலாம். ஆனால் தூண் வேறு, கோபுரம் வேறு. தூணில் இருப்பது நம் கதை என்று காட்சியே சொல்கிறது. உரல் இருக்கிறது, இரண்டு மரம் இருக்கிறது. கோபுரத்தில் இருக்கும் காவலரோ பௌத்தக் காவலர் வரிசையில் ஒருவராக நிற்கிறார். ராமாயணக் காட்சி எதுவும் பக்கத்தில் இல்லை.

பாலாறு:
சரி, பாலத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

நெய்தல்:
போயே ஆக வேண்டும். 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்த கல்பாலம். ஆறு கடலில் கலக்கும் இடம், அலையும் நீரோட்டமும் அடித்தளத்தை அரிக்கும். அதனால் முதலில் ஆற்றடியில் அகலமாகக் கல்லைக் கொட்டி, அதன் மேல் படகு வடிவத் தூண்களை எழுப்பினார்கள். கற்களைப் பிணைக்கச் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஒட்டி வளர வளரக் கல்லோடு கல் இறுகிவிடும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் வற்றம், அதாவது கடல் நீர் இறங்கியிருக்கும் நேரம், பார்த்துப் போக வேண்டும். ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீர்தான் தெரியும். அன்றைய கடல்மட்ட நேரத்தைப் பார்த்துவிட்டு மற்றதை அமையுங்கள்.

ஏட்டுச்சுவடி:
அம்மாவோடு ஒரே நாளில் மூன்றும் வேண்டாம். பாலம் பழைய நகரிலிருந்து தள்ளி இருக்கிறது, போய்வர, நடக்க என்று எப்படியும் மூன்று மணி நேரம் போய்விடும். பாலத்தின் மேல் நிழலே கிடையாது, பாவுகல்லும் மேடு பள்ளம். அதற்குப் பதில் தூமென் தெருவில் இருக்கும் சிங்ஜிங் பள்ளிவாசலைப் பாருங்கள். 1009-இல் நிறுவியது. கல்வாசலும், கூரையில்லாத தொழுகைக் கூடத்தின் சுவர்களும் நிற்கின்றன. பக்கத்திலேயே போர்வீரராக இருந்து தெய்வமான குவான் யூவின் கோயில், உள்ளூர் மக்கள் ஊதுவத்தியோடு குவிகிற இடம். இரண்டும் சேர்த்து ஒரு மணி நேரம் போதும்.

நெய்தல்:
சீனாவின் பழைய கடற்பாலத்தை விட்டுவிட்டு ஊதுவத்திப் புகைக்குப் போகச் சொல்கிறீர்களே! வாடகைக் காரில் பாலத்தின் ஒரு முனையில் இறங்கி, கால்வாசி நடந்து திரும்பினாலே தூண்களின் வடிவம் தெரியும். முழுதும் கடக்க வேண்டியதில்லை.

சியாமென் முகிலன்:
யார் சொல்கிற வரிசையில் போனாலும் சிலவற்றை மறக்காதீர்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் மூடல். உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், நகல் போதாது. ரயில் பயணச்சீட்டு எடுக்கும்போது சுவான்சோ என்ற பழைய நிலையத்துக்கே எடுங்கள். 2023-இல் திறந்த புதிய அதிவேகப் பாதையில் சுவான்சோ கிழக்கு, சுவான்சோ தெற்கு என்று வேறு நிலையங்கள் உண்டு, இரண்டும் பழைய நகருக்குத் தூரம். அலிபே என்ற சீனப் பணச் செயலியில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலிருந்தே இணைத்துவிடுங்கள், காரும் அதிலேயே அழைக்கலாம். இடங்களின் சீனப் பெயர்களைப் படமாகச் சேமித்து வைத்தால் ஓட்டுநரிடம் காட்டலாம்.

அம்மா சைவம் என்றால் மேற்குத் தெருவில் கவனம். நூடுல்ஸ் கஞ்சியில் பன்றியோ கடலுணவோ இருக்கும். கடற்பாசிக் கூழில் பருப்பும் பழமும் போட்டுத் தரும் குளிர்ந்த இனிப்பு நல்லது. அதே மாதிரி கண்ணாடிபோல் இருக்கும் இன்னொரு கூழ் கடற்புழுவில் செய்வது, பார்த்து வாங்குங்கள்.

பாலாறு:
நாங்கள் போவது புதன்கிழமை. கோயில், கப்பல், மதியம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்கிறேன். வற்றம் மாலையில் இருந்தால் மட்டும் பாலம்.

ஏட்டுச்சுவடி:
உங்கள் விருப்பம். குறைந்தபட்சம் முந்தைய நாள் இரவு லிங்கம், யானைப் பலகையின் படத்தையாவது தேடிப் பார்த்துவிட்டுத் தூணுக்குப் போங்கள்.

கல்தச்சன்:
அந்தப் புதன்கிழமை சீன நாட்காட்டியில் 26-ஆம் நாளா என்று பாருங்கள். மாதந்தோறும் அன்று காய்யுவானில் வழிபாட்டுக்கு ஊரே திரளும். அந்த நாளாக இருந்தால் மட்டும் ஏட்டுச்சுவடி சொன்ன வரிசையில் போங்கள், கோயிலை நாலு மணிக்கு மேல் வையுங்கள்.