ஐஎஸ்பிஎன் தப்புன்னா கட்டுரையை அழிச்சிடலாமா?

கணினிக்கந்தன்:
ஆங்கில விக்கிப்பீடியாவுல 2025 ஆகஸ்ட்ல ஒரு விதி கொண்டாந்திருக்காங்க. ஏஐ எழுதினதுன்னு சந்தேகம் வந்தாலே போதும், விவாதம் எதுவும் இல்லாம உடனே நீக்கிடலாமாம். புதுசா எழுத வர்றவனை வாசல்லயே விரட்டுற வேலை இது. பழைய ஆளுங்களுக்குத் தங்களோட பிடி போயிடுமோன்னு பயம்.

வைகைக்கரையான்:
விதியைப் படிச்சீங்களா, யாரோ சொன்னதைக் கேட்டு எழுதுறீங்களா? வெறும் சந்தேகத்துக்கு அங்க இடமே இல்ல. 'இதோ நீங்கள் கேட்ட கட்டுரை'ன்னு சாட்பாட் சொன்ன வரியைக்கூட எடுக்காம ஒட்டியிருக்கணும். இல்லாட்டி இல்லாத நூலை மேற்கோள் காட்டியிருக்கணும், ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்குன்னு தர்ற அடையாள எண், இடிக்கணும். 13 இலக்கத்துல ரெண்டாவதுல ஆரம்பிச்சு ஒண்ணுவிட்டு ஒண்ணை மூணால பெருக்கி மொத்தத்தையும் கூட்டுங்க. பத்தால மீதியில்லாம வகுபடலைன்னா அந்த எண் செல்லாது. இதுல எங்கய்யா சந்தேகம் வந்துச்சு?

கணினிக்கந்தன்:
நம்ம ஊர் சின்னப் பதிப்பகத்துப் புத்தகத்துல பின்னட்டைல ஒரு எண், உள்பக்கத்துல ஒரு எண்ணு அச்சாகும். அப்ப அதுவும் ஏஐ எழுதினதா?

வைகைக்கரையான்:
அச்சுப்பிழை ஒரு நூலுக்கு வரும். ஒரே கட்டுரையில இருக்கிற அத்தனை நூலுக்குமா வரும்? புத்தகம் கையில இருக்கிறவன் பக்க எண்ணைச் சொல்லட்டும், யாரு வேண்டாம்னா? பட்டனைத் தட்டினா ஒரு நிமிஷத்துல கட்டுரை வந்திடுது. அதுல இருக்கிற ஒவ்வொரு மேற்கோளையும் நூலகப் பட்டியல்ல தேடி, அப்படி ஒரு நூலே இல்லைன்னு உறுதிப்படுத்த ஒரு ஆளோட ஞாயித்துக்கிழமை பூரா போகுது. அவருக்குச் சம்பளமும் கிடையாது, நன்றியும் கிடையாது. அந்த ஆளைப் பத்தி ஒரு வரி எழுதினீங்களா?

யாழ்வாசகி:
ஐஎஸ்பிஎன்னே இல்லாத புத்தகங்களுக்கு என்ன செய்யிறது? நூலகம் எண்டுற இலங்கைத் தமிழ் இணைய நூலகத் திட்டத்தில எங்கட ஆக்கள் 2005இல இருந்து ஸ்கேன் பண்ணிப் போட்ட எத்தினையோ பழைய புத்தகங்களில அது இல்லை. நீங்கள் அந்த எண்ணையே கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டால் அதுகளை ஆர் மேற்கோள் காட்டுவினம்?

வைகைக்கரையான்:
அக்கா, ஐஎஸ்பிஎன் இல்லாதது வேற, பொய் ஐஎஸ்பிஎன் வேற. மேலே எழுதினதை மறுபடி படிங்க.

யாழ்வாசகி:
படிச்சிட்டுத்தான் கேக்கிறன் தம்பி. பதில் இன்னும் வரேல்லை.

கணினிக்கந்தன்:
ஸ்காட்லாந்தோட ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியா 2020ல நாறிச்சே, ஞாபகம் இருக்கா? அந்த மொழியே சரியாத் தெரியாத ஒரு அமெரிக்கப் பையன் ஆயிரக்கணக்குல கட்டுரை எழுதித் தள்ளியிருந்தான். அப்ப சாட்ஜிபிடி ஏது? உங்க ஐஎஸ்பிஎன் கணக்கு அவனைப் பிடிச்சுதா?

வைகைக்கரையான்:
அவன் அதைச் செய்ய வருஷக்கணக்காச்சு. இன்னைக்கு அதை யார் வேணாலும் ஒரு வாரத்துல செய்வான். கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவை மூடவே 2025ல முடிவெடுத்தாங்க. அந்த மொழி தெரியாதவங்க எந்திர மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து கொட்டினாங்க, திருத்துறதுக்கு ஆளே இல்ல. வலையில எழுத்து குறைவா இருக்கிற மொழிக்கு விக்கிப்பீடியாவைத்தான் ஏஐ படிச்சுப் பழகுது. பிழையைத் தின்னுட்டுப் பிழையையே திரும்பத் துப்பும். தமிழுக்கும் அந்தக் கதி வரணுமா?

பழையபங்காளி:
கரையான் தமிழைக் காப்பாத்தக் கிளம்பிட்டாரு! 2010 வாக்கில கூகுள் ஆள் வச்சு ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தமிழ் விக்கியில ஏத்தினப்ப, 'எண்ணிக்கை கூடுதே, விடுங்கப்பா'ன்னு சொன்னது யாரு? நான் மறக்கல.

வைகைக்கரையான்:
நான் சொன்னது வேற, நீங்க திரிக்கிறது வேற. தமிழ் விக்கி ஆளுங்க அந்தத் திட்டத்தோட தரத்தைத் தட்டிக்கேட்டு, 2010ல போலந்துல நடந்த விக்கிமேனியா மாநாடு வரைக்கும் கொண்டுபோய்ப் பேசினாங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

பழையபங்காளி:
ஒவ்வொரு கட்டுரையாத் திருத்திக்கிட்டு இருந்தேன். உங்களை மாதிரி மேடை தேடல.

கணினிக்கந்தன்:
ரெண்டு பேரும் அப்புறம் அடிச்சுக்கோங்க. பின்னட்டைல தப்பா அச்சான ஐஎஸ்பிஎன்னுக்கு இன்னும் பதில் இல்ல.

வைகைக்கரையான்:
மூணு தடவை சொல்லியாச்சு. பக்க எண்ணைக் காட்டச் சொன்னேன். காட்டுங்க.

யாழ்வாசகி:
எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோவன்.

பழையபங்காளி:
காட்டினா மட்டும் ஒத்துக்கவா போறாரு? 2010லயும் இதே பாட்டுதான்.