அகராதி பார்த்தும் அறிவியல் கட்டுரை புரியவில்லை, எப்படி வாசிக்கிறீர்கள்?

தேடல்:
ஆங்கிலத்தில் வரும் அறிவியல் கட்டுரைகளைக் கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். படித்தது முழுக்கத் தமிழ்வழி, அதனால் தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறந்துவிடுவேன். ஆனால் அகராதி பார்த்த பிறகுதான் குழப்பமே கூடுகிறது. மரபணு பற்றிய ஒரு கட்டுரையில் ஜெனடிக் கோட் 'டிஜெனரேட்' ஆனது என்று எழுதியிருந்தார்கள். அகராதியில் பார்த்தால் சீரழிந்த, ஒழுக்கங்கெட்ட என்று போட்டிருக்கிறது. மரபுக் குறியீடு எப்படி ஒழுக்கம் கெடும்? இன்னொன்றில் 'பார்சிமோனியஸ்' ஆன விளக்கம்தான் நல்லது என்று இருந்தது, அதற்குக் கஞ்சத்தனமான என்று பொருளாம்! இது போக பியூட்டேட்டிவ், யுபிக்விட்டஸ், ஆஸ்டென்சிப்லி என்று பேச்சில் யாருமே சொல்லாத சொற்கள் வேறு வரிக்கு வரி வருகின்றன. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதுதான் வழியா, இல்லை இதற்கு வேறு ஏதாவது முறை இருக்கிறதா?

நுண்ணோக்கி:
மனப்பாடம் வேண்டாம். உங்கள் டிஜெனரேட்டையே எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளும் மூன்று மூன்றாகச் சேர்ந்தால் மொத்தம் 64 கூட்டு வரும், அதில் 3 'இங்கே நிறுத்து' என்று சொல்பவை, மீதி 61-உம் அமினோ அமிலங்களைக் குறிப்பவை. ஆனால் அமினோ அமிலங்கள் இருபதுதான். ஆகவே ஒரே அமிலத்துக்குப் பல கூட்டுகள், உதாரணத்துக்கு லியூசின் என்ற அமிலத்துக்கு ஆறு. 'வேறு வேறாக எழுதினாலும் ஒரே பொருள்' என்ற இந்த நிலைக்குத்தான் அங்கே டிஜெனரேட் என்று பெயர். குவாண்டம் இயற்பியலில் இதே சொல் வந்தால் வெவ்வேறு நிலைகளுக்கு ஒரே ஆற்றல் இருக்கிறது என்று அர்த்தம். கணிதத்தில் மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் விழுந்து பரப்பே இல்லாமல் போன முக்கோணத்தை டிஜெனரேட் என்பார்கள். ஒழுக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

என்னைக் கேட்டால் பயப்பட வேண்டியது நீளமான சொற்களைப் பார்த்து இல்லை. டீஆக்சிரிபோநியூக்ளிக் ஆசிட் (டி.என்.ஏ.வின் முழுப்பெயர்) என்றால் உலகத்தில் ஒரே பொருள்தான், ஒருமுறை தெரிந்தால் தெரிந்ததுதான். ஏற்கெனவே தெரியும் என்று நாம் தாண்டிப் போகிறோமே, அந்தச் சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். சிக்னிஃபிகண்ட் என்று வந்தால் எல்லோரும் 'குறிப்பிடத்தக்க, பெரிய' என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வு முடிவுகளில் பெரும்பாலும் அது புள்ளியியல் சொல். உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ ஒரு வித்தியாசம் தற்செயலாகக் கண்ணில் பட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுவார்கள். அது வழக்கமாக 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் சிக்னிஃபிகண்ட். இந்த 5 சதவீத வழக்கத்தைப் பரப்பியவர் ரொனால்ட் ஃபிஷர், 1925-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. இதில் வித்தியாசம் பெரியதா சிறியதா என்ற பேச்சே கிடையாது. பல்லாயிரம் பேரைச் சேர்த்துச் சோதித்தால் இரத்த அழுத்தத்தில் ஒரே ஒரு புள்ளி குறைந்ததுகூட சிக்னிஃபிகண்ட் ஆகிவிடலாம், நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லாமல் போகலாம். செய்தியில் 'குறிப்பிடத்தக்க பலன்' என்று மொழிபெயர்த்துப் போடும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

அக்யூட் இன்னொன்று. கடுமையான என்று அகராதி சொல்லும். மருத்துவத்தில் அது முதலில் காலத்தைப் பற்றிய சொல்: திடீரென்று வந்தது, சீக்கிரம் முடியக்கூடியது. சாதாரண சளிகூட அக்யூட் தான். அதற்கு எதிர்ச்சொல் கிரானிக், நாள்பட்டது. லேசான நோயும் கிரானிக் ஆக இருக்கலாம். அப்புறம் பாசிட்டிவ் ஃபீட்பேக். நல்ல விஷயம் என்று தோன்றும், ஆனால் பனி உருகினால் இருண்ட கடல்பரப்பு வெளியே தெரிகிறது, அது வெயிலை இன்னும் அதிகமாக உறிஞ்சுகிறது, அதனால் இன்னும் பனி உருகுகிறது, இதுதான் பாசிட்டிவ் ஃபீட்பேக். உடம்பு சூடானால் வியர்த்துத் தணிகிறதே, அது நெகட்டிவ். நாம் உயிரோடு இருப்பதே இந்த நெகட்டிவ் புண்ணியத்தில்தான்.

தியரி பற்றியும் ஒரு வரி: 'அது வெறும் தியரிதானே' என்கிறவர்கள் கருதுகோளை (ஹைபாதசிஸ்) கோட்பாட்டோடு (தியரி) போட்டுக் குழப்புகிறார்கள். ஊகம் என்ற பொருள் ஹைபாதசிஸுக்குத்தான் ஓரளவு பொருந்தும். தியரி முற்றினால் விதியாகும் என்பதும் தவறு. நியூட்டனின் ஈர்ப்பு விதி எவ்வளவு விசை என்று சொல்கிறது, ஐன்ஸ்டைன் 1915-இல் கொடுத்த பொதுச் சார்பியல் கோட்பாடு அது ஏன் அப்படி என்று விளக்குகிறது. இரண்டுக்கும் வேலை வேறு.

வேர்ச்சொல்:
நான் வேறு வழி சொல்கிறேன். கிரேக்க, லத்தீன் முன்னொட்டு பின்னொட்டு ஒரு ஐம்பது தெரிந்தால் போதும், மருத்துவச் சொற்களில் பெரும்பகுதி தானாகவே பிரிந்து விழும். -ஐடிஸ் என்று முடிந்தால் அழற்சி, -எக்டமி என்றால் வெட்டி எடுப்பது, -ஆட்டமி என்றால் வெட்டித் திறப்பது மட்டும். டாக்கி வந்தால் வேகம், பிராடி வந்தால் மந்தம், கார்டியா இதயம். டாக்கிகார்டியா என்ன என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஹைப்பர், ஹைப்போ இரண்டில் மட்டும் கவனம். காதுக்கு ஒன்று போலவே கேட்கும், ஆனால் ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை கூடியது, ஹைப்போகிளைசீமியா குறைந்தது. செய்ய வேண்டிய சிகிச்சை நேர் எதிர்.

மாற்றுக்கருத்து:
வேர்ச்சொல் சொல்வது மருத்துவத்துக்குச் சரி, ஆனால் வேரை நம்பி ரொம்ப தூரம் போகாதீர்கள். பெயர் வைத்த அன்றைக்கு அவர்களுக்கு என்ன தெரிந்திருந்ததோ அதுதான் பெயரில் இருக்கும். ஆக்சிஜன் என்றால் 'அமிலத்தை உண்டாக்குவது'. எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று நம்பி லவாய்சியர் வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது, 1810 வாக்கில் ஹம்ஃப்ரி டேவி குளோரின் ஆக்சிஜன் கலந்த சேர்மம் இல்லை, ஒரு தனிமம் என்று காட்டியபோது அந்த நம்பிக்கை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மலேரியா என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. 1897-இல் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்த ஒட்டுண்ணியைப் பார்த்த பிறகும் பெயர் மாறவில்லை. வைட்டமின் கதை இன்னும் வேடிக்கை. 1912-இல் காசிமிர் ஃபங்க் இவையெல்லாம் அமீன் (நைட்ரஜன் உள்ள ஒரு சேர்ம வகை) என்று நினைத்து உயிருக்கான அமீன் என்று பொருள்பட வைத்தார், பிறகு பலவும் அமீனே இல்லை என்று தெரிந்ததும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் இருந்த ஒரு எழுத்தை 1920-இல் எடுத்துவிட்டுச் சமாளித்தார்கள்.

முன்னொட்டும் ஏமாற்றும். இன்ஃபிளேமபிள் என்று லாரியில் எழுதியிருந்தால் 'தீப்பிடிக்காதது' என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் நெருப்பு வைத்துவிடாதீர்கள். அதற்கும் ஃபிளேமபிளுக்கும் ஒரே பொருள், எளிதில் தீப்பற்றும் என்பதுதான். அங்கே 'இன்' எதிர்மறை இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் தீ எச்சரிக்கைகளில் இப்போது ஃபிளேமபிள் என்றே எழுதச் சொல்கிறார்கள்.

தேடல்:
அருமை, டிஜெனரேட் தெளிவாகிவிட்டது. பார்சிமோனியஸும் மற்ற மூன்றும் இன்னும் நிற்கின்றன. யாராவது சொன்னால் நல்லது.

பிழைதிருத்தி:
பார்சிமோனியஸ்: கஞ்சத்தனத்தை எடுத்துவிட்டு சிக்கனம் என்று வைத்துப் பாருங்கள், சரியாகிவிடும். ஒரே விஷயத்தை இரண்டு விதமாக விளக்க முடிந்தால், குறைவான அனுமானங்களோடு விளக்குவது எதுவோ அதை எடு என்பதுதான் அது. ஆக்கமின் கத்தி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே சங்கதி.

யுபிக்விட்டஸ் எளிது, எங்கும் காணப்படுவது. மற்ற இரண்டும் அப்படி இல்லை, அவை எழுதியவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று காட்டும் சொற்கள். 'பியூட்டேட்டிவ் ஜீன்' என்றால், இது மரபணுவாகத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள், இன்னும் நிரூபிக்கவில்லை. அந்தச் சொல்லைத் தாண்டிப் படித்தால் 'மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று நினைத்துவிடுவீர்கள். ஆஸ்டென்சிப்லி வந்தால் 'வெளியே சொல்லும் காரணம் இது' என்று பொருள், உள்ளே வேறு இருக்கலாம் என்ற சந்தேகம் அதோடு சேர்ந்தே வரும். டென்டேட்டிவ் (தற்காலிக முடிவு), ஈக்விவோக்கல் (இப்படியும் சொல்லலாம் அப்படியும் சொல்லலாம் என்ற முடிவு), கேவியட் (இந்த வரம்புக்குள் மட்டும் என்ற எச்சரிக்கை) எல்லாம் இதே குடும்பம். ஆய்வாளர் சேர்த்த இந்தச் சொற்களைத்தான் செய்தி எழுதுகிறவர் முதலில் வெட்டுவார்.

தேடும் முறை என்று கேட்டால், அகராதியில் முதல் பொருளோடு நிற்காமல் இயற்பியல், உயிரியல், சட்டம் என்று துறை குறித்திருக்கிறதா என்று கீழே வரை பாருங்கள். சொல்லைத் தனியாகத் தேடாமல் பக்கத்துச் சொல்லையும் துறையையும் சேர்த்துத் தேடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்தக் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தால் அதை அழுத்தினால் கலைச்சொல் தலைப்பிலேயே கிடைக்கும். அகராதியில் அடுக்கடுக்காகப் பத்து தமிழ்ச் சொல் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல், என்ன, எல்லாக் கட்டுரைக்கும் தமிழ் இருக்காது.

தேடல்:
நன்றி. கடைசியாக ஒன்று, ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றில் கல்லீரல் 'அன்ரிமார்க்கபிள்' என்று போட்டிருக்கிறது. சுமாராக இருக்கிறது என்கிறார்களா?

நுண்ணோக்கி:
இல்லை இல்லை, குறிப்பிட்டுச் சொல்ல எந்தக் கோளாறும் தெரியவில்லை என்று அர்த்தம். ஸ்கேனில் பார்த்த வரைக்கும் கல்லீரல் இயல்பாக இருக்கிறது. அதே ரிப்போர்ட்டில் வேறு எங்காவது 'ஈக்விவோக்கல்' என்று இருந்தால் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள், அது படத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை என்பது.