100 டிகிரியில் நிற்கும் ப்ராசசர்: பயாஸில் வாட்டைக் குறைப்பதா, கூலரைக் கழற்றுவதா?

கதிரவன்:
நானே பாகங்களை வாங்கிப் பூட்டிய கணினி. இன்டெல் ஐ5-13600கே, இரட்டைக் கோபுர ஏர் கூலர், கேபினட்டின் முன்னால் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று. கூலர் மட்டும் பழைய கணினியிலிருந்து கழற்றியது. அங்கே நாலு வருடம் ஒரு குறையும் வைக்காமல் ஓடியது.

சும்மா இருக்கும்போது 41 டிகிரி. ப்ராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஓடவிட்டால் இரண்டே நொடியில் 100. அப்புறம் வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5க்கு இறங்கி அங்கேயே கிடக்கிறது. அறை வெப்பம் 30. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை இரண்டு முறை மாற்றிவிட்டேன், வித்தியாசம் இல்லை. பக்கக் கதவைத் திறந்து வைத்துப் பார்த்தேன், அப்போதும் அதே 100. கூலர் அடியில் பிளாஸ்டிக் தாள் எதுவும் ஒட்டியிருக்கவில்லை, அதை முதலிலேயே பார்த்துவிட்டேன். எங்கே தேடுவது?

இளமாறன்:
பயப்படாதீர்கள். உங்கள் கணினியில் கோளாறு இல்லை, மதர்போர்டின் அமைப்பில்தான் இருக்கிறது. இந்த ப்ராசசருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை அளவு 125 வாட், உச்சம் 181 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் கூலர் வகையைக் கேட்டுவிட்டு, வரம்பை 4096 வாட் என்று வைத்துவிடும். வரம்பே இல்லை என்று அர்த்தம். மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் பயாஸுக்குள் போய் நீண்ட நேர வரம்பை 125 என்று வையுங்கள். வேலை முடிந்தது.

இன்னொன்று. 2022இல் ரைசன் 7000 வந்தபோது, முழுச் சுமையில் 95 டிகிரியைத் தொடுவது வடிவமைப்பின்படியே நடப்பது என்று ஏஎம்டியே சொன்னது. இன்றைய ப்ராசசர்கள் இடம் கிடைக்கும் வரை ஏறத்தான் செய்யும். எண்ணைப் பார்த்து யாரும் கூலரைக் கழற்ற வேண்டியதில்லை.

தென்றல்:
இளமாறன், வரம்பு விஷயம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கதிரவன் ஒரு எண்ணைச் சொல்லவே இல்லை, அதைக் கேட்காமல் நீங்கள் மருந்து எழுதிவிட்டீர்கள். 100 டிகிரியில் நிற்கும்போது எத்தனை வாட் போகிறது?

கதிரவன், கணினியின் வெப்பம், வாட் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து ப்ராசசர் பேக்கேஜ் பவர் என்ற வரியைப் பாருங்கள். சினிபெஞ்ச் தொடங்கிய முதல் நொடி இல்லை, பத்து நிமிடம் ஓடிய பிறகு. கதவு மூடியபடி ஒரு முறை, திறந்தபடி ஒரு முறை.

ரைசனை இங்கே ஒப்பிட முடியாது. 7600எக்ஸில் 142 வாட் வரை போகும், அதில் பெரும்பகுதி ஏறக்குறைய எழுபது சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே சில்லிலிருந்து வெளியே வர வேண்டும். 13600கேயின் சில்லு 257 சதுர மில்லிமீட்டர். பரப்பு அகலமாக இருப்பதால் அதே வாட்டை இதிலிருந்து எடுப்பது எளிது. அங்கே 95 என்பது எதிர்பார்த்த விஷயம். இங்கே 100 என்பது ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் எல்லைக்கோடு.

கதிரவன்:
பார்த்தேன். கதவு மூடியிருக்கும்போது 138க்கும் 140க்கும் நடுவில். திறந்தால் 142. வெப்பம் இரண்டிலும் 100.

தென்றல்:
அதுதான் பதில். இளமாறன், உங்கள் 181 வாட் உச்சத்தை இவருடைய ப்ராசசர் எட்டவே இல்லை. 140இலேயே மூச்சு முட்டுகிறது. வரம்பு 181 என்றாலும் 4096 என்றாலும் இவருக்கு ஒரே நிலைதான்.

கதவு சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலர் இதில் ஏமாறுகிறார்கள். 100ஐத் தொட்டதும் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்து அந்த 100லேயே நிலைநிறுத்திக்கொள்ளும். அந்த நிலையில் வெப்பநிலை எதையும் சொல்லாது, வாட்தான் சொல்லும். கேபினட்டில் காற்று போதாமல் இருந்தால், கதவைத் திறந்ததும் பதினைந்து இருபது வாட் கூடியிருக்க வேண்டும். மூன்றுதான் கூடியிருக்கிறது. கேபினட்டில் குறை இல்லை, மேற்கொண்டு ஃபேன் வாங்காதீர்கள்.

கணக்கு எளிது. 100இல் அறை வெப்பம் 30ஐக் கழித்தால் 70. அதை 140ஆல் வகுத்தால் ஒவ்வொரு வாட்டுக்கும் அரை டிகிரி. என்னிடமும் இதே ப்ராசசர், ஒற்றைக் கோபுரக் கூலர்தான். அதே மாதிரி அறையில் 165 வாட்டுக்கு 90 காட்டுகிறது. வாட்டுக்கு 0.36. உங்கள் இரட்டைக் கோபுரம் அதைவிடக் குறைவாக அல்லவா காட்ட வேண்டும்?

மகிழ்நன்:
ஏர் கூலரோடு எதற்கு மல்லுக்கட்டு? எனக்கும் 12ஆம் தலைமுறை ப்ராசசரில் இதே கதை. 240 மில்லிமீட்டர் வாட்டர் கூலர் மாற்றினேன், அன்றைக்கே 20 டிகிரி இறங்கியது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இளமாறன்:
தென்றல், கணக்கு சரி. ஆனால் கேட்டவருக்கு என்ன வேண்டும்? 100ஐத் தொடாத கணினி. 125 வாட் வைத்தால் அது கிடைக்கும். என் கணினியில் வரம்பை 181லிருந்து 125க்கு இறக்கியபோது ரெண்டர் நேரம் நூற்றுக்கு ஆறேழு பங்குதான் கூடியது, ஃபேன் சத்தம் பாதியானது. விளையாட்டில் 125 வாட்டைத் தொடுவதே அபூர்வம்.

13, 14ஆம் தலைமுறையில் ப்ராசசர்கள் நிலைகுலைந்த விவகாரம் நினைவிருக்கிறதா? மிகையான வோல்டேஜ் போனதுதான் காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு (ப்ராசசரின் உள் நிரல்) திருத்தம் கொடுத்தது, பெட்டியோடு விற்றவற்றுக்கு வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. 13600கேயும் அந்தப் பட்டியலில் உண்டு. அதனால் சொல்கிறேன், கதிரவன் கூலரைத் தொடுவதற்கு முன்னால் பயாஸைப் புதுப்பித்து, இன்டெல் சொல்லும் வரம்புகளை வைக்க வேண்டும். இது மருந்து இல்லை, அடிப்படைச் சுகாதாரம்.

தென்றல்:
பயாஸ் புதுப்பிப்பதில் உங்களோடு முழு உடன்பாடு. கதிரவன், அதை இன்றே செய்துவிடுங்கள். ஆனால் அந்த விவகாரம் வோல்டேஜைப் பற்றியது, இவர் கேட்பது வெப்பத்தைப் பற்றி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் தேடல் திசைமாறும். ரேடியேட்டர் அடைத்த வண்டியை மெதுவாக ஓட்டினால் சூடேறாது, சரி. அடைப்பு அப்படியேதானே இருக்கிறது?

மகிழ்நன், உங்கள் அனுபவத்தை நம்புகிறேன். ஆனால் அங்கே இறங்கிய 20 டிகிரியும் தண்ணீரால்தானா? வாட்டர் கூலர் பெட்டிக்குள் புதிய சாக்கெட்டுக்கான, அதாவது மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடத்துக்கான, பிடிமானமும் சேர்ந்து வந்திருக்கும். எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்த்தீர்களா?

கதிரவன், ஒரு சோதனை. 125 வாட் வரம்பை வைத்து, சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடட்டும். ஃபேன் பக்கம் போகாமல், கூலரின் அடித்தளத்திலிருந்து மேலே ஏறும் தாமிரக் குழாயை விரலால் தொட்டுப் பாருங்கள்.

கதிரவன்:
பயாஸ் புதுப்பித்தேன். 125 வாட் வைத்தேன். வெப்பம் 91இல் நின்றது. குழாயைத் தொட்டால் நன்றாகச் சுடுகிறது, ஆனால் விரலை எடுக்கத் தோன்றவில்லை, வைத்தபடியே இருக்க முடிகிறது. மேலே தகடுகள் வெதுவெதுப்புதான். பின்னால் வரும் காற்றும் அப்படியே.

இளமாறன்:
91! பிரச்சினை தீர்ந்தது.

மகிழ்நன்:
கூலர் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் சூடு அதற்கு வந்து சேரவே இல்லை. பேஸ்ட் போலி.

தென்றல்:
இல்லை மகிழ்நன், இது எல்லோரும் செய்யும் தவறு, நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். ப்ராசசர் 125 வாட் எடுக்கிறது என்றால் அந்த 125 வாட்டும் ஏறக்குறைய முழுவதும் கூலர் வழியாகத்தான் வெளியே போகிறது. போகவில்லை என்றால் சில நொடிகளில் அணைந்தே போயிருக்கும். சூடு வந்து சேர்கிறது. ஆனால் அதை அந்த இடைவெளி வழியாகத் தள்ள எவ்வளவு வெப்ப வேறுபாடு தேவைப்படுகிறது என்று பாருங்கள். மேலே விரல் பொறுக்கும் சூடு, அதாவது 50ஐத் தாண்டாது. கீழே 91. நடுவில் இருக்கும் சில மில்லிமீட்டரில் நாற்பது டிகிரி தொலைகிறது. காற்று போதாமல் இருந்தால் தகடுகளே தொட முடியாமல் கொதித்திருக்கும்.

91ஐ வைத்துக் கணக்குப் போட்டாலும் வாட்டுக்கு 0.49 வருகிறது. முன்னே 0.5. எதுவும் தீரவில்லை இளமாறன், சுமையைத்தான் இறக்கி வைத்திருக்கிறோம்.

அரசி:
இத்தனை நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று உறுத்துகிறது. கதிரவன், கூலர் பழைய கணினியிலிருந்து எடுத்தது என்றீர்கள். அது எந்த சாக்கெட்? பிடிமானத்தை மாற்றினீர்களா?

கதிரவன்:
பழையது எல்ஜிஏ 1200. பிடிமானத்தை மாற்றவில்லை. மதர்போர்டில் துளைகள் சரியாகப் பொருந்தின, ஸ்க்ரூவும் முடிவு வரை இறங்கியது. அதனால் சந்தேகமே வரவில்லை.

அரசி:
அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். 1200இல் துளைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர், உங்கள் புதிய ப்ராசசரின் சாக்கெட்டான 1700இல் 78. பழைய கூலர் வைத்திருப்பவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சில மதர்போர்டுகளில் இரண்டு வகைத் துளைகளையும் போட்டிருக்கிறார்கள். துளை பொருந்தும். உயரம் பொருந்தாது. 1700 சாக்கெட்டில் ப்ராசசரின் மேற்பரப்பு பழையதைவிட ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்து இருக்கிறது. உங்கள் ஸ்க்ரூ முடிவு வரை இறங்கியது என்றால் அது தன் தடுப்பில் போய் முட்டி நின்றது என்றுதான் அர்த்தம், ப்ராசசரை அழுத்தி நின்றது என்று இல்லை. ஸ்ப்ரிங்கின் அழுத்தம் பெரும்பாலும் அங்கேயே தொலைந்திருக்கும்.

கூலரை மெல்லப் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், கணினியை அணைத்துவிட்டு. அசைந்தால் வேறு சாட்சி வேண்டாம். தயாரிப்பாளரிடம் 1700க்கான பிடிமானத்தைத் தனியாகக் கேளுங்கள், பல நிறுவனங்கள் கொடுக்கின்றன.

கதிரவன்:
அசைகிறது! கொஞ்சம்தான், ஆனால் கையில் தெரிகிறது. இரண்டு முறை பேஸ்ட் மாற்றியபோதும் ஸ்க்ரூவைத்தான் பார்த்தேனே தவிர இதைச் செய்து பார்க்கவில்லை. கழற்றியும் பார்த்துவிட்டேன். பேஸ்ட் பரவாமல் நடுவில் தடிப்பாக, வெண்ணெய் தடவியது போல அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஓரங்களில் கூலரின் அடித்தளத்தைத் தொட்ட சுவடே இல்லை. பிடிமானத்துக்குச் சொல்லிவிட்டேன், வந்ததும் எழுதுகிறேன்.

கதிரவன்:
பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். புதிய பிடிமானம் பூட்டியாயிற்று. இந்த முறை ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கும்போதே கையில் எதிர்ப்பு தெரிந்தது. வரம்பு 181 வாட். அறை அதே 30. பத்து நிமிட சினிபெஞ்சில் 178 வாட், 86 டிகிரி, வேகம் 5.1லிருந்து அசையவில்லை. ஏறும் விதமும் மாறிவிட்டது: தொடங்கியதும் எழுபதைத் தாண்டி, மீதியை மெல்ல மெல்ல ஏறுகிறது. முன்பு இரண்டு நொடியில் உச்சிக்குப் போனது எவ்வளவு கெட்ட அறிகுறி என்று இப்போதுதான் புரிகிறது. தென்றல், அரசி, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

தென்றல்:
வாட்டுக்கு 0.31. இதுதான் உங்கள் கூலரின் உண்மையான தரம். மகிழ்நா, உங்கள் பழைய ஏர் கூலர் இன்னும் இருந்தால் அதன் பிடிமானம் எந்த சாக்கெட்டுக்கு என்று ஒரு முறை பாருங்களேன்.

மகிழ்நன்:
பார்த்தேன். 1200தான்.

இளமாறன்:
கோளாறு பிடிமானத்தில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். வாட்டைக் கேட்காமல் பதில் சொன்னதும் என் பிழை. ஆனாலும் என் நிலையை முழுவதும் விட மாட்டேன். கதிரவன், இப்போது 125 வாட் வைத்தால் 70 டிகிரிக்குள் நிற்கும். தினசரி வேலைக்கு அதை வைத்துப் பாருங்கள், ரெண்டர் ஓட்டும் நாளில் மட்டும் 181க்கு மாற்றிக்கொள்ளலாம்.

தென்றல்:
இப்போது வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் கணினியில் நான் வைக்க மாட்டேன், அவ்வளவுதான்.

கதிரவன்:
நேற்று வைத்தேன். 69 டிகிரி. ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.